வயலிலும் தோட்டத்திலும் நேரும் விபத்துக்களைத் தடுத்தல்

மலேரியாக் காய்ச்சல் ஒரு காலத்தில் இலங்கைக் கமக்காரரின் வாழ்வோடு ஒட்டிப் பிறந்த துன்பமென்றே கருதப்பட்டது. 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோயில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். நுளம்பே அந்நோயைக் காவுகின்றது என்பதை அறிந்து, அது பெருகும் இடங்களைக் கவனித்தும், வீடுதோறும் மருந்து தெளித்தும், காய்ச்சல் கண்டோரைத் தேடிச்சென்று இரத்தம் பரிசோதித்தும் சுகாதாரப் பகுதியினரும் ஊர்மக்களும் பல்லாண்டுகள் உழைத்தனர். அதன் பயனாக, 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

நோயைத் தடுத்த இம்முறை விபத்துக்களைத் தடுப்பதற்கும் ஏற்றதாகும். ஆயினும் கிராமங்களில் விபத்துக்களை எவரும் அவ்வாறு நோக்குவதில்லை. வயலிற் பாம்பு தீண்டினால் விதி என்பர். யந்திரத்திற் கை அகப்பட்டால் கவனக்குறைவு என்பர். இவ்விரு சொற்களும் மேற்கொண்டு ஆராய்வதை அத்துடன் நிறுத்திவிடுகின்றன. ஒரே வகையான விபத்து, ஒரே வகையான இடத்தில், ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் நேருமாயின் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். காரணம் இன்னதென அறிந்தால் அதனை நீக்கும் வழியும் புலப்படும். நெல்லும் மரக்கறியும் செய்வோர் தம் ஊரில் எவற்றை நீக்கலாம், எவ்வாறு நீக்கலாம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

விபத்தின் மூன்று நிலைகள்

அமெரிக்க வைத்தியரான வில்லியம் ஹடன் என்பார் 1960 களில் வீதி விபத்துக்களை ஆராய்ந்து, விபத்து ஒவ்வொன்றையும் மூன்று நிலைகளாகப் பிரித்து நோக்கவேண்டுமெனக் காட்டினார். விபத்துக்கு முன்னுள்ள நிலை முதலாவது. விபத்து நேரும் வேளை இரண்டாவது. நேர்ந்தபின் உள்ள நிலை மூன்றாவது. கட்டில்லாத தோட்டக் கிணற்றை உதாரணமாகக் கொள்ளலாம். கிணற்றுக்குக் கட்டுக் கட்டுதல் முதலாம் நிலைக்குரிய வேலை. விழுந்தவர் பற்றி ஏறுதற்குக் கயிறோ படியோ அமைத்தல் இரண்டாம் நிலைக்குரியது. மூச்சு நின்றவருக்குச் செயற்கைச் சுவாசம் அளிக்க ஊரிற் சிலர் பழகியிருத்தலும், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாகனம் ஆயத்தமாயிருத்தலும் மூன்றாம் நிலைக்குரியன.

இம்மூன்றினுள்ளும் முதலாவதே மேலானது. மனிதரின் இடைவிடாத கவனத்தை வேண்டாத ஏற்பாடே நம்பத்தக்கதென்பதும் இதிலிருந்து விளங்கும். விடியற்புறம் நீர் கட்டச் சென்று பகல் முழுவதும் வெயிலில் நின்ற ஒருவர் மாலையிலும் அதே கவனத்தோடிருத்தல் அரிது. கட்டிய கிணற்றுக்கட்டோ இரவும் பகலும் அவ்விடத்திலேயே நிற்கும்.

பீடைநாசினிகள்

இம்முறையின் பயனைக் காட்டுவதற்கு இலங்கையிலேயே சிறந்த சான்றுண்டு. பச்சைப் புரட்சிக் காலத்தில் புதிய நெல்லினங்களோடு கொடிய பீடைநாசினிகளும் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வீட்டிற் கூரையின் கீழும் கட்டிலின் கீழும் வைப்பது வழக்கமாயிற்று. தெளிக்கும்போது மேற்பட்டும், தவறிக் குடித்தும் சிலர் வருந்தினர். இவர்களிலும் பெருந்தொகையானோர் மனமுடைந்த வேளையிலும் கோபமுற்ற வேளையிலும் அதனை அருந்தி மாண்டனர். இளைஞரும் குடும்பத்தலைவரும் இவர்களுட் பலர். 1990 களின் நடுப்பகுதியில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோரின் வீதத்தில் இலங்கை உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிருந்தது.

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, எந்தப் பீடைநாசினியும் பதிவு செய்யப்பட்டபின்னரே விற்கப்படலாம். விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பீடைநாசினிப் பதிவாளரே இப்பொறுப்பை வகிப்பவர். இச்சட்டத்தின் துணைகொண்டு மிகக் கொடியவை ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 1984 இல் பரத்தியன், மெதைல் பரத்தியன் என்பன தடைசெய்யப்பட்டன. 1995 இல் மொனோகுரொட்டபொஸ், மெதமிடபொஸ் என்பன தடைசெய்யப்பட்டன. இவற்றுக்குப் பதிலாக எந்தோசல்பான் பெருகி, அதனால் மரணங்கள் கூடியபோது 1998 இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 2008 ஆம் ஆண்டுக்கும் 2011 ஆம் ஆண்டுக்கும் இடையில் டைமெத்தோயேற், பென்தியன், களைநாசினியான பரகுவாட் ஆகியன படிப்படியாக நீக்கப்பட்டன.

1995 ஆம் ஆண்டுக்கும் 2015 ஆம் ஆண்டுக்கும் இடையில், தம்முயிரை மாய்த்துக்கொள்வோரின் வீதம் ஏறத்தாழ 70 வீதத்தாற் குறைந்தது. இவ்வாறு காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என ஆராய்ச்சியாளர் 2017 இற் கணித்தனர். மனமுடைந்து தவிக்கும் வேளை பெரும்பாலும் நெடுநேரம் நில்லாது. அவ்வேளையில் உயிர்கொல்லும் நஞ்சு எட்டிய இடத்தில் இல்லையாயின், அவர் பிழைத்து, உற்றாரின் துணையோடும் வைத்தியரின் உதவியோடும் மீண்டுவர இடமுண்டு.

கொடிய மருந்துகளை நிறுத்தினால் விளைச்சல் குன்றும் என்னும் அச்சம் அக்காலத்தில் எழுந்தது. 1995, 1998 ஆம் ஆண்டுத் தடைகளுக்குப் பின்னர் நெல்லினதும் மரக்கறிகளினதும் விளைச்சலை ஆராய்ந்தபோது, அத்தடைகளால் விளைச்சல் குறைந்ததாகக் காணப்படவில்லை. ஒன்றைத் தடைசெய்த வேளையில் அதே பீடையை அடக்கவல்ல நச்சுத்தன்மை குறைந்த வேறொன்று கிடைக்கக்கூடியதாயிருந்தமையே இதற்குக் காரணம். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி ஒருங்கே நிறுத்தப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். அது வேறு, ஆய்ந்து தெரிந்த கொடிய மருந்தை மட்டும் மாற்றுக் காட்டி நீக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

பூட்டுப்பெட்டியின் பயனும் குறையும்

மருந்துப் போத்தல்களைப் பூட்டி வைத்தாற் போதும் என்று பலர் எண்ணுவர். இதுவும் இலங்கையிற் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. வட மத்திய மாகாணத்தின் 180 கிராமங்களில், 53,000 இற்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டு ஆய்வொன்று நடாத்தப்பட்டது. பாதிக் கிராமங்களில் கமஞ்செய்யும் வீடுகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகள் வழங்கப்பட்டன. மூன்றாண்டுகள் கவனித்தபின், பெட்டி பெற்ற கிராமங்களிலும் பெறாத கிராமங்களிலும் நஞ்சருந்தினோர் தொகையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதன் முடிவு 2017 இல் வெளியிடப்பட்டது.

சிறுவரின் கைக்கு எட்டாதிருக்கப் பூட்டு அவசியமே. ஆனால் வளர்ந்தோருக்குத் திறப்பு இருக்குமிடம் தெரியும். ஆதலின் பூட்டை மட்டும் நம்பியிராது, வீட்டிலுள்ள நஞ்சின் அளவையே குறைத்தல் வேண்டும். இதற்குக் கமக்காரர் கடைப்பிடிக்கவேண்டியவை பின்வருமாறு:

1. ஒரு முறை தெளிப்பதற்கு வேண்டிய அளவை மட்டும் வாங்குக. மலிவென்று பெரிய போத்தலை வாங்கி மிச்சத்தைச் சேர்த்துவைத்தல் தகாது.

2. லேபல் இல்லாத போத்தலையும், பதிவு செய்யப்படாத மருந்தையும், எவர் கொணர்ந்து விற்பினும் வாங்காது விடுக.

3. மருந்தைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைக்கற்க. தாகத்தாற் சிறுவர் எடுத்துக் குடிக்கும் விபத்துக்கள் பெரும்பாலும் இதனாலேயே நேருகின்றன.

4. வெறும் போத்தலை மும்முறை அலம்பி, அந்நீரைத் தெளிகருவியினுள்ளேயே ஊற்றித் தெளித்து, பின்னர் போத்தலைத் துளையிட்டு மீண்டும் உபயோகிக்க முடியாதவாறு செய்க. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவலாகாது.

5. பீடை உண்டா என்பதை வயலில் இறங்கிப் பார்த்தபின்னரே மருந்தை நாடுக. நெற்பயிரின் இளம்பருவத்தில் இலைசுருட்டிப் புழுவைக் கண்டவுடன் தெளிப்பது பெரும்பாலும் வேண்டாத செலவு. பயிர் தானே தேறிவிடும். அவசரப்பட்டுத் தெளித்தால் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மாண்டு, கபிலநிறத் தத்தி பெருக வழி ஏற்படும்.

கடைசியாகச் சொன்னது பயிர்ப்பாதுகாப்பும் உயிர்ப்பாதுகாப்பும் ஒன்றேயாகும் இடமாகும். ஒரு போகத்தில் இருமுறை தெளிப்பதைத் தவிர்த்த கமக்காரர், மருந்துச் செலவை மீதப்படுத்துவதோடு, இருமுறை நஞ்சைத் தோளிற் சுமப்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் தவிர்த்தவராவர்.

பாதுகாப்பற்ற கிணறுகள்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலும் வறள் வலயத்தின் மேட்டுநிலங்களிலும் கிணறின்றி மரக்கறிச் செய்கை இல்லை. வீட்டுக் கிணறுகளுக்குக் கட்டு இருப்பினும், தோட்டங்களில் வெட்டப்பட்ட அகன்ற கிணறுகள் பல தரைமட்டத்தோடு திறந்தே கிடக்கின்றன. மாரியிற் புல் வளர்ந்து கிணற்றின் ஓரத்தை மறைத்துவிடும். தாயும் தந்தையும் வெண்காயம் பிடுங்கிக்கொண்டிருக்க, அருகே விளையாடும் குழந்தை ஓசையின்றி வீழ்ந்துவிடும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

கிணற்றைச் சுற்றிப் பெரியவரின் இடுப்பளவு உயரமான, ஏறுதற்குப் பிடியில்லாத கட்டு அமைத்தலே நிலையான பரிகாரம். அதற்குப் பணம் சேருமளவும் காத்திராது, கிளுவை, பூவரசு முதலிய கதியால்களை நெருக்கமாக நட்டு முட்கம்பி இழுத்துப் படலை பூட்டலாம். கைவிடப்பட்ட கிணறுகளை மூடிவிடுதல் வேண்டும். இறங்கி ஏறுதற்குப் படிக்கற்கள் இல்லாத கிணற்றில், முடிச்சிட்ட உறுதியான கயிறொன்று எந்நேரமும் நீர்மட்டம் வரை தொங்குதல் நன்று.

வேலை நேரத்தில் குழந்தைகளை எவர் பார்ப்பது என்பதையும் ஊரார் ஆலோசித்தல் வேண்டும். வங்காளதேசத்துக் கிராமங்களில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளைக் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் வேளையில், பயிற்சி பெற்ற ஊர்ப்பெண் ஒருவரிடம் ஓரிடத்திற் சேர்த்து விடும் முறை கையாளப்பட்டது. அவ்வாறு விடப்பட்ட குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறத்தல் ஏறத்தாழ 80 வீதத்தாற் குறைந்தது. நாற்று நடுகையிலும் அறுவடையிலும் மாதர் சங்கத்தினர் முறைவைத்து இதனைச் செய்யின், பெருஞ்செலவு எதுவும் ஏற்படாது.

கிணறு பற்றி இன்னுமோர் எச்சரிக்கை அவசியமாகும். கோடையில் நீர் கீழே போனபோது, நீரிறைக்கும் யந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் அற்றது. கிணற்றினுள் தங்கி, இறங்கியவரை அறியாமலே மயக்கிக் கொல்லும். மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அவ்வாறே மாளுவர். யந்திரத்தை நிறுத்தி, இறங்குவோரின் இடுப்பிற் கயிறு கட்டி, மேலே இருவர் அதைப் பற்றி நிற்கும் ஏற்பாடின்றி எவரும் இறங்கற்க.

பாம்புக்கடி

2012, 2013 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் வீடுவீடாக விசாரித்து நடாத்தப்பட்ட ஆய்வு, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும், 400 இற்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் காட்டியது. இவற்றுட் கமக்காரர் முக்கியமாக அறியவேண்டியவை இரண்டு.

கண்ணாடிவிரியன் எனவும் புடையன் எனவும் வழங்கும் பாம்பு வயலில் எலியை நாடி வருவது. அறுவடைக் காலத்தில், காலை வெளுக்குமுன்னும் பொழுதுபட்ட பின்னும் நடப்போரின் பாதத்தையும் கணுக்காலையும் கடிக்கும். சேற்று வயலில் சப்பாத்து அணிதல் இயலாதாயினும், வரம்பிலும் உலர்ந்த வயலிலும் உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து அணியலாம். கைவிளக்கின்றி வரம்பில் நடத்தலாகாது. உப்பட்டி தூக்குமுன் தடியாற் புரட்டிப் பார்த்தல் வேண்டும். சூட்டையும் வைக்கோற் போரையும் வீட்டுக்குத் தொலைவில் வைத்தால் எலியும் அதைத் தொடரும் பாம்பும் வீட்டை அணுகா.

கட்டுவிரியன் இரவில் வீட்டினுள் வந்து, நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரைக் கடிப்பது. நோவு மிகச் சிறிதாகையால் கடிபட்டதே தெரியாது போகலாம். விடியுமுன் வயிற்றுவலி தோன்றி, கண்ணிமைகள் சோர்ந்து, பேச்சுக் குளறி, மூச்சும் தடைப்படும். கட்டிலில் உறங்குதலும், நுளம்பு வலையின் விளிம்பைப் பாயின் கீழ் அல்லது மெத்தையின் கீழ் நன்றாகச் செருகுதலும் இதற்கேற்ற காப்பாகும். காவற்குடிலில் இரவு தங்குவோர் தரையில் உறங்காது பரணமைத்து உறங்குதல் வேண்டும்.

யந்திரங்கள்

உழவு யந்திரம் வரம்பிலேறும்போது கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்குவது யாவரும் அறிந்த விபத்து. சுவீடன் நாட்டில் 1959 ஆம் ஆண்டு முதல், புதிய உழவு யந்திரம் ஒவ்வொன்றும் ஓட்டுபவரின் தலைக்கு மேலே உறுதியான இரும்புச் சட்டம் கொண்டிருத்தல் வேண்டுமெனச் சட்டம் செய்யப்பட்டது. யந்திரம் கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காதபடி செய்த இவ்வேற்பாட்டினால் அத்தகைய மரணங்கள் அங்கு மிக அரிதாயின. இச்சட்டம் பூட்டிய யந்திரத்தை வாங்குவோர் அதனைக் கழற்றி எறியாதிருத்தல் வேண்டும்.

சூடடிக்கும் யந்திரத்தினதும் நீரிறைக்கும் யந்திரத்தினதும் பட்டிகளும் சுழலும் தண்டும் மூடியின்றி இயங்குதல் கூடாது. தொங்கும் சால்வையும், சேலைத் தலைப்பும், அவிழ்ந்த கூந்தலும் அவற்றிற் சிக்குண்டு நேர்ந்த காயங்கள் பல. நெல் ஏற்றிய பெட்டி இரவில் வீதியிற் செல்லும்போது, அதன் பின்புறத்தில் ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடுகள் இரண்டைப் பொருத்தல் அவசியமாகும். நெல் மூட்டையின்மேல் ஆட்களையும் சிறுவரையும் ஏற்றலாகாது.

விபத்து நேர்ந்தபின் செய்யவேண்டியவை

நஞ்சு உடலிற் பட்டால் உடையை நீக்கிச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டால் கால் மணி நேரம் சுத்தநீர் விட்டுக் கழுவுக. உட்கொண்டவரை வாந்தி எடுக்கச் செய்யவோ, பாலும் எண்ணெயும் புகட்டவோ வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. மருந்துப் போத்தலின் லேபலைக் கையோடு கொண்டுபோதல் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

பாம்பு கடித்த இடத்தைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் தீங்கு பயப்பன. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நோயாளியை நடக்கவிடாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஏற்றப்படுகின்றது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும்.

ஒருவர் பேச்சின்றி ஒதுங்கியிருந்தாலும், கடன் அல்லது குடும்பப் பிணக்குக் காரணமாக வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினாலும், அதை வெறும் பேச்சென்று தள்ளற்க. அருகிருந்து கேட்பதும், அவ்வீட்டு மருந்துகளை உடனே அப்புறப்படுத்துவதும், வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அயலாரின் கடமையாகும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

ஊரார் கூடிச் செய்யும் வேலை

இவற்றுட் பலவற்றைத் தனிக் கமக்காரர் ஒருவராற் செய்து முடித்தல் கடினம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், பெரும்போகம் தொடங்குமுன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். கடந்த ஐந்தாண்டுகளில் அவ்வூரில் நேர்ந்த பெருங்காயங்களையும் மரணங்களையும் முதலில் எழுதவேண்டும். எங்கே, எப்பொழுது, எதனால் என்பன மட்டும் எழுதப்படுக; எவர் பிழை என்பது வேண்டியதில்லை. பெயரும் வேண்டியதில்லை. அதன்பின் ஊரின் படமொன்றை வரைந்து, கட்டில்லாத கிணறுகள், இருண்ட வளைவுகள், யந்திரம் கவிழ்ந்த வரம்புகள் என்பவற்றை அதிற் குறிக்கலாம். இவ்வேலைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல மருத்துவமாதுவையும் கிராம அலுவலரையும் அழைத்தல் நன்று.

அவ்வாறு குறிக்கப்பட்டவற்றுள் ஒரு போகத்தில் ஒன்றையாயினும் நீக்குவதென முடிவு செய்க. முதற்போகத்திற் பாடசாலைப் பாதையோரக் கிணறு. அடுத்த போகத்திற் பெட்டிகளுக்குச் சிவப்புத் தகடு. அதற்கடுத்ததில் பழைய மருந்துப் போத்தல்களைச் சேகரித்தல் என்றவாறு வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். மரணச் செலவுக்கு மாதந்தோறும் பணம் சேர்க்கும் சங்கங்கள் பல ஊர்களில் உண்டு. அதில் ஒரு சிறு பங்கைச் சீமெந்துக்கும் கம்பிக்கும் ஒதுக்கினால், அச்சங்கம் தன் அங்கத்தவருக்குச் செய்யும் உதவி இன்னும் பெரிதாகும். ஆண்டு முடிவில் அப்பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தால், எது பயன் தந்தது, எதை மாற்றவேண்டும் என்பன தெளிவாகும்.

பீடைகளை மருந்தின்றி அடக்கும் முறைகள் பற்றியும், பதிவு செய்யப்பட்ட மருந்துகள் பற்றியும் மேலும் அறிய விரும்புவோர் தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் நேரிற் காணலாம். அல்லது 1920 என்னும் விவசாய ஆலோசனை இலக்கத்தை அழைக்கலாம்.